பழைய பொம்மை வண்டிகளைச் சேர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

டிங்கி, கோர்கி, மேட்ச்பாக்ஸ் என்னும் பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் முகம் மலரும் அன்பர்களுக்கு வணக்கம்.

துத்தநாகக் கலவையில் வார்த்து, எனாமல் பூசி, உள்ளங்கையில் அடங்குமாறு செய்யப்பட்ட அந்தச் சிறு வண்டிகளின்மேல் உங்களுக்குள்ள பிரியம் எனக்கும் உண்டாதலால், இதை அந்நியன் ஒருவன் எட்ட நின்று எழுதும் உபதேசமாகக் கொள்ளாமல், ஒரே பந்தியில் அமர்ந்திருப்பவன் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லும் வார்த்தையாகவே கொள்ள வேண்டுகிறேன். இந்தப் பொழுதுபோக்கில் விலைகள் தலைக்குமேல் ஏறிவிட்டன என்று நாம் கூடும் இடமெல்லாம் அங்கலாய்க்கிறோம். வியாபாரிகளின் பேராசையையும், ஏலக்காரர்களின் கட்டணத்தையும், அவ்வப்போது பரபரப்புச் செய்தி போடும் பத்திரிகைகளையும் குறை கூறுகிறோம். அவர்கள்மீது குற்றமே இல்லை என்று வாதிட நான் வரவில்லை. ஆயினும், எந்த விலையும் ஒருவர் அதைக் கொடுக்கச் சம்மதிக்கும் வரையில் வெறும் வார்த்தைதான் என்பதையும், அச்சம்மதத்தை இத்தனை காலமாக அளித்து வந்தவர்கள் நாமே என்பதையும் மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. ஆகவே இம்மடலை விற்பவர்களுக்கு எழுதாமல் வாங்குகிறவர்களுக்கு எழுதுகிறேன்.

இவை எப்படிப்பட்ட வஸ்துக்கள் என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். லிவர்ப்பூல் நகரில் பின்ஸ் சாலையிலிருந்த மெக்கானோ தொழிற்சாலை, பிராங்க் ஹார்ன்பியின் பொம்மை ரயில்களுக்குத் துணைப்பொருளாக, 1933ஆம் ஆண்டின் இறுதியில் ஆறு சிறு வண்டிகளை வெளியிட்டது. மறு ஆண்டிலேயே அவற்றுக்கு டிங்கி என்னும் பெயர் வந்து நிலைத்தது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே பள்ளிக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு விதி இருந்ததாம். அவ்விதிக்கு இணங்க, லண்டன் நகரத்து லெஸ்னி நிறுவனத்தின் ஜாக் ஓடெல் தம் மகளுக்கென்று பித்தளையில் ஒரு சாலை உருளையைச் செய்து கொடுத்ததிலிருந்தே 1953இல் மேட்ச்பாக்ஸ் வரிசை பிறந்தது. சிறுவர்கள் தங்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து வைத்துத் தாங்களே கடைக்குப் போய் வாங்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதே அவற்றின் அளவையும் விலையையும் நிர்ணயித்த நோக்கம். மண்ணில் ஓட்டவும், மேசையிலிருந்து தள்ளவும், நண்பனோடு மாற்றிக்கொள்ளவும், கடைசியில் தொலைக்கவும் செய்யப்பட்டவை அவை. லட்சக்கணக்கில் வார்க்கப்பட்டுங்கூட, சிராய்ப்பின்றி, பெட்டி கலையாமல் இன்று கிடைப்பவை சொற்பமாக இருப்பதற்குக் காரணம் அவை தம் கடமையைச் செவ்வனே செய்து முடித்ததுதான்.

பின்ஸ் சாலைத் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. லெஸ்னி 1982இல் திவாலாயிற்று. கோர்கி வண்டிகளைச் செய்துவந்த மெட்டாய் நிறுவனம் 1983இல் வீழ்ந்தது. பெயர்கள் கை மாறிப் பிற்காலத்தில் வேறு வேறு முதலாளிகளிடம் உயிர் பெற்றாலும், நாம் தேடும் பழைய வண்டி இனி ஒன்றுகூடப் புதிதாக வராது. இந்த ஒரு விஷயத்தின் விளைவைப் போதிய அளவு நாம் சிந்திக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வெங்காயமோ, துணியோ, மிதிவண்டியோ விலை ஏறினால், அந்த லாபத்தை நாடி மேலும் பலர் அதை விளைவிக்கவும் செய்யவும் முற்படுவார்கள், சரக்குப் பெருகும், காலக்கிரமத்தில் விலை இறங்கும். நம் சந்தையில் அந்த இயற்கையான பரிகாரத்துக்கு இடமே இல்லை. இங்கே விலையேற்றம் இரண்டு காரியங்களை மட்டுமே செய்ய வல்லது: பரணில் கிடக்கும் சில அசல் வண்டிகளை வெளியே கொண்டுவரும், அதைவிடப் பன்மடங்கு வேகமாகப் போலிகளைப் பிறப்பிக்கும். பரண்களுக்கு ஓர் எல்லை உண்டு. போலிக்கு எல்லை கிடையாது.

உதாரணமாக டிங்கியின் 'கை' வேன் என்னும் சரக்கு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1949இலிருந்து வெளிவந்த அந்த வண்டி, ஸ்லம்பர்லேண்ட் மெத்தை, லயன்ஸ் நிறுவனம், ஸ்பிராட்ஸ், எவர் ரெடி பாட்டரி என்று வெவ்வேறு விளம்பரங்களைத் தாங்கி வந்தது. அவற்றுள் மஞ்சள் வர்ணத்தில் வீட்டாபிக்ஸ் விளம்பரத்தோடு ஐம்பதுகளின் முற்பகுதியில் சிறிது காலமே வந்த வண்டி எல்லாவற்றிலும் அபூர்வமானதாகி, மற்றவற்றைவிடப் பன்மடங்கு கிராக்கி பெற்றது. உலோக வார்ப்போ எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். வித்தியாசம் பூச்சிலும் ஒட்டுப்படத்திலும் மட்டுமே இருக்கிறது. அடிபட்டுக் கிடக்கும் சாதாரண வேன் ஒன்றை எடுத்துப் பழைய பூச்சைச் சுரண்டி, மஞ்சள் பூசி, புதிதாக அச்சிட்ட ஒட்டுப்படத்தைப் பதித்து, புதிதாகச் செய்த பெட்டிக்குள் வைத்துவிட்டால் அது வீட்டாபிக்ஸ் வேனாகி விடுகிறது. புதுப்பித்தது என்று சொல்லி அதை விற்பவர் நல்ல கைத்தொழிலாளர். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. அவரிடமிருந்து வாங்கியவர் இன்னொருவருக்கு விற்கும்போது அந்த ஒரு சொல்லை விட்டுவிடுகிறார். அதை விடத் தூண்டுவது எது? இரண்டு விலைகளுக்கும் இடையே நாம் வெட்டி வைத்திருக்கும் பள்ளம்தான்.

மேட்ச்பாக்ஸில் இன்னும் சுலபமாகக் காரியம் நடக்கிறது. 13ஆம் எண்ணுள்ள டாட்ஜ் பழுதுமீட்பு வண்டிக்கு மஞ்சள் முன்கூடும் பச்சை உடலும் வழக்கம்; ஆரம்பத்தில் பச்சை முன்கூடும் மஞ்சள் உடலுமாக, நிறங்கள் மாறி வந்த ஒரு சிறு தொகுதிக்குச் சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுத்தார்கள். முன்கூடும் உடலும் தனித்தனி வார்ப்புகளாதலால், வண்டியைக் கழற்றி வர்ணம் மாற்றி மறுபடி பொருத்துவோர் தோன்றினார்கள். அப்படிப்பட்ட வண்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அடிப்பாகத்துத் தறையாணி துளையிடப்பட்டு மீண்டும் அடைக்கப்பட்டதன் அடையாளம் பெரும்பாலும் தெரிந்துவிடும். எனினும் அடிப்பாகத்தின் படத்தைக் கேட்காமலே பணம் அனுப்புகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! பெட்டிக்கும் இதே கதிதான். பெட்டியோடு கூடிய வண்டிக்கும் பெட்டியில்லாத வண்டிக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான தூரத்தை ஏற்படுத்தி வைத்தோம்; வெறும் பெட்டிகள் தனியாக விலைபோகத் தொடங்கின; பிறகு பழைய அட்டையைப் போலவே புதிய அட்டையும் வந்தது. 1950க்கு முந்தைய காகிதத்தில் வெண்மையேற்றும் ரசாயனம் சேர்க்கும் வழக்கம் பரவவில்லையாகையால், யுத்தத்துக்கு முந்தியது என்று சொல்லப்படும் பெட்டி ஒன்று புற ஊதா விளக்கின் கீழ் நீல வெண்மையாகப் பளிச்சிட்டால் சந்தேகிக்கலாம். மிகச் சொற்பச் செலவில் கிடைக்கும் அந்தக் கைவிளக்கை வைத்துக்கொள்ளாமல் பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு, பிறகு ஏமாற்றப்பட்டோம் என்று புலம்புவதில் என்ன பயன்?

கேட்கும் விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள பேதத்தைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். நம் சங்கடங்களில் பாதிக்கு மூலம் இதுவே. கோர்கி 1965இல் வெளியிட்ட ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் வண்டி அவ்வாண்டில் பிரிட்டனின் சிறந்த பொம்மையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பல லட்சக்கணக்கில் விற்றது. அக்காலத்துப் பொம்மைகளில் அதைவிட அதிகமாகப் பரவியவை சிலவே. அப்படியிருக்க, இன்று அதை விற்பனைக்கு வைப்போரில் 'அபூர்வம்' என்ற அடைமொழியைச் சேர்க்காதவரைக் காண்பதுதான் அபூர்வமாயிருக்கிறது. அதன் கூரை வழியே தூக்கி எறியப்படும் சின்னஞ்சிறு வில்லன் பொம்மை முதல் நாளே தொலைந்து போகும் தன்மையது. இப்போது வண்டிக்குள் அமர்ந்திருப்பவன் அசலா, பின்னாளில் செய்த பிரதியா என்று கேட்காமலே வாங்குகிறோம். ஒருவர் ஒரு பெரிய தொகையை எழுதி வைக்கிறார். அதைக் கண்டு மற்றொருவர் அதற்கு மேல் எழுதுகிறார். இரண்டையும் கண்ட மூன்றாமவர் அதுவே நியாய விலை என்று நம்புகிறார். விற்று முடிந்த விலைகளின் பட்டியல் பெரும்பாலான சந்தைகளில் தேடினால் கிடைக்கும். தேடும் சிரமத்தைத்தான் நாம் மேற்கொள்வதில்லை.

ஏலத்தில் விற்ற தொகையையும் நிதானமாக வாசிக்க வேண்டும். சுத்தியல் 100 பவுண்டில் விழுந்தால், வாங்குவோர் கட்டணமும் அதன்மேல் வரியும் சேர்ந்து, வாங்கினவர் அநேகமாக 120 பவுண்டுக்கு மேல் கொடுப்பார். விற்பவரோ தம் பங்குக்கு உரிய கட்டணம் கழிந்து 100க்கும் குறைவாகவே பெறுவார். அந்த மேல்தொகையைப் பிரமாணமாகக் காட்டி நம்மிடம் வேறொரு வண்டியை விற்க வருகிறவரிடம், இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டும் உரிமை நமக்கு உண்டு.

பக்கத்து வீதியில் நடந்ததையும் பார்க்கலாம். அமெரிக்காவில் 1993இல் தோன்றிய பீனி பேபிஸ் என்னும் துணிப்பொம்மைகளை, உற்பத்தி நிறுத்தம் என்னும் அறிவிப்புகளால் அவற்றைச் செய்த நிறுவனம் செயற்கையாக அபூர்வமாக்கியதால், மக்கள் அவற்றைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கான சேமிப்பாகவே கருதும் நிலை வந்தது; 1999இல் விவாகரத்துச் செய்துகொண்ட தம்பதியர் இருவர் லாஸ் வேகாஸ் நீதிமன்றத் தரையில் அமர்ந்து அப்பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கிட்டுக்கொண்ட காட்சியைப் பத்திரிகைகள் படம் பிடித்து வெளியிட்டன. சில ஆண்டுகளுக்குள் அச்சந்தை சரிந்தது. இளவரசி டயானாவின் நினைவாக 1997இல் வெளியான கத்தரிப்பூ நிறக் கரடிக்கு இன்றும் ஆயிரக்கணக்கான டாலர் கேட்போர் இருக்கிறார்கள். அதே கரடி சில டாலர்களுக்குத் தினமும் விற்றுக்கொண்டும் இருக்கிறது. ஸ்டார் வார்ஸ் பொம்மைகளில், கென்னர் நிறுவனம் 1979இல் விளம்பரப்படுத்திப் பிறகு குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதிக் கைவிட்ட, ராக்கெட் எய்யும் போபா ஃபெட் பொம்மையின் கைவர்ணம் தீட்டிய முன்மாதிரி ஒன்று 2024இல் ஹெரிடேஜ் ஏலக்கூடத்தில் 5,25,000 டாலருக்குப் போயிற்று. கடைக்கு வராமலே நின்றுபோன முன்மாதிரியின் விலை அது. கடைதோறும் குவித்து விற்கப்பட்ட சாதாரண போபா ஃபெட்டுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அத்தகைய செய்தி ஒன்று வெளியானதும், அதன் நிழலில் சாதாரணப் பொம்மைக்கும் கூடுதலாகக் கொடுக்க நாம் சித்தமாகி விடுகிறோம்.

'என் பணம், என் விருப்பம். நான் எவ்வளவு கொடுத்தால் பிறருக்கு என்ன?' என்று உங்களில் சிலர் கேட்கலாம். கேட்கும் உரிமை உண்டு, பதிலும் உண்டு. ஆயிரக்கணக்கானோர் தினமும் வாங்கி விற்கும் பெரிய சந்தையில் ஒருவரின் அசட்டுத்தனம் கரைந்து போகும். நம்முடையதோ மெல்லிய சந்தை. ஒரு குறிப்பிட்ட வண்டி, ஒரு குறிப்பிட்ட நிறத்தில், ஆண்டுக்கு இரண்டு முறையோ மூன்று முறையோதான் வெளியே வருகிறது. அன்று கூடத்தில் பிடிவாதக்காரர் இருவர் இருந்துவிட்டால் அவர்கள் ஏற்றிய தொகை பட்டியல்களில் ஏறி, பல ஆண்டுகள் பிறருக்கு விதியாக நின்றுவிடுகிறது. ஏலத்தில் கோபத்தோடு தூக்கிய கை அதே வண்டியை விரும்பும் அடுத்த இளைஞனின் பையிலிருந்துதான் பணம் எடுக்கிறது. அவன் ஏழெட்டு விற்பனைகளைப் பார்த்து மனம் சலித்து விலகிப் போகிறான். அவன் போய்விட்டால் நாளைக்கு நம் அலமாரியைப் புரிந்துகொள்ள யார் இருப்பார்கள்?

முதலீடு என்று சொல்லி வாங்குகிறவர்களுக்கு இதையே வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வண்டிகளுக்குக் கிராக்கி பிறப்பது பால்ய ஞாபகத்திலிருந்து; சிறுவயதில் வைத்திருந்தவர்களும், வைத்திருக்க ஆசைப்பட்டுக் கிடைக்காதவர்களும் கையில் பணம் சேர்ந்த வயதில் அவற்றைத் தேடுகிறார்கள். அந்தத் தலைமுறை மூப்படைந்து மறையும்போது அவர்களின் சேகரங்கள் ஒரே காலத்தில் ஏலக்கூடங்களுக்கு வந்து சேர்கின்றன. வாங்க வேண்டிய அடுத்த தலைமுறையின் ஞாபகத்திலோ வேறு பொம்மைகள் இருக்கின்றன. இது போதாதென்று உலோகமே வஞ்சிப்பதும் உண்டு. யுத்தத்துக்கு முந்தைய டிங்கி வார்ப்புகள் பலவற்றில், துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டதால், உள்ளுக்குள்ளேயே விரிசல் கண்டு, உடல் வீங்கி வளைந்து, கடைசியில் கையிலேயே உதிர்ந்துபோகும் நோய் இருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது. ஈரமும் வெப்பமும் அந்நோயை விரைவுபடுத்தும் என்பதைக் கடற்கரை ஊர்களில் இவற்றை வைத்திருக்கும் தமிழ் அன்பர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். உடல் சற்று வளைந்திருப்பதையும் கூரையில் மயிரிழைக் கோடுகள் ஓடுவதையும் காணாமல் ஆயிரம் பவுண்டு கொடுத்தவர், அந்த ஆயிரத்தையும் பொடியாக்கிப் பெட்டிக்குள் வைத்தவரே.

பெருவிலை எல்லாமே பாவம் என்று நான் சொல்லவில்லை. மெய்யாகவே சிலவே எஞ்சியுள்ள ஒரு வண்டி, நன்கு பரிசோதிக்கப்பட்டு, அதன் வரலாற்றை அறிந்து போற்றும் ஒருவரிடம் பெரிய தொகைக்குப் போய்ச் சேர்ந்தால் எனக்குச் சந்தோஷமே. அறியாமைக்குக் கொடுக்கும் விலையைத்தான் கண்டிக்கிறேன். அறிவு இல்லாத இடத்தில் விலை ஒன்றே அளவுகோலாகி விடுவதற்கு நம் தேசத்திலேயே சாட்சி உண்டு. அறுபதுகளின் பிற்பகுதியில் லிவர்ப்பூலில் ஓய்வு பெற்ற டிங்கி அச்சுகள் சில கல்கத்தாவின் எஸ். குமார் நிறுவனத்துக்கு வந்து, அடிப்பாகத்தில் டிங்கி என்பதை நிக்கி என்று மாற்றிக்கொண்டு இந்தியச் சிறுவர்களுக்காக வண்டிகளை வார்த்தன. பூச்சு சுமார்தான்; என்றாலும் அதே அச்சுகளின் பிள்ளைகள் அவை. எந்த அச்சு எப்போது வந்தது, எந்த நிறங்களில் எவ்வளவு காலம் செய்தார்கள் என்பதைப் பொறுமையாக விசாரித்து எழுதி வைப்போர், அவற்றின் விலையை விசாரிப்போரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

வாங்குவோர் பொறுப்புக்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இம்மடல் ஒருதலைப்பட்சமாகிவிடும். கணவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த வண்டிகள் இன்னவை என்று அறியாமல் ஒரு மூதாட்டி அவற்றை மொத்தமாக விற்க முன்வரும்போது, பெட்டிக்குள் வீட்டாபிக்ஸ் வேன் இருப்பதைக் கண்டும் வாய் திறவாமல் பத்து வண்டிகளின் விலைக்கு நூறு வண்டிகளை அள்ளிவருகிறவரைச் சாமர்த்தியசாலி என்று நம் வட்டாரம் கொண்டாடுகிறது. அதிக விலை கேட்பவரை அநியாயக்காரர் என்று ஏசும் அதே நாவால்! அறியாதவரிடம் கொள்வதும் அறியாதவருக்கு விற்பதும் ஒரே குற்றத்தின் இரு கைகள். அதேபோல், பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் வாங்குகிறவரின் கடமையே. கலிபோர்னியாவின் பெட்டலூமா அருகே ஸ்டீவ் சான்ஸ்வீட் நடத்திவந்த ஸ்டார் வார்ஸ் காட்சிசாலையிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் களவு போயிருந்தது 2017இல் வெளியாயிற்று. விற்பனைக்கு வந்த ஓர் அரிய பொம்மையைப் பற்றி, கிடைத்ததே பாக்கியம் என்று மறைத்து வைக்காமல் சக சேகரிப்பாளர்கள் விசாரித்ததே அதற்கு வழி செய்தது.

ஆகவே அன்பர்களே, உங்களிடம் நான் வேண்டுவது பெரிய தியாகம் ஒன்றும் அன்று. அடிப்பாகத்தின் படத்தைக் கேளுங்கள். மறுபூச்சுப் பெற்றதா, பெட்டி அசலா, மாற்றிய உறுப்பு ஏதேனும் உண்டா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். போலி வந்து சேர்ந்தால் வெட்கப்பட்டு இன்னொருவர் தலையில் கட்டாமல், திருப்பி அனுப்பி, அதன் அடையாளங்களை எல்லோருக்கும் சொல்லுங்கள். நீங்கள் புதுப்பித்த வண்டியின் அடியில் அழியாத மையில் அதைக் குறித்து வையுங்கள். ஏலத்துக்குப் போகுமுன் உங்கள் உச்சத் தொகையைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஏலம் அதைத் தாண்டியதும் கையை இறக்கிவிடுங்கள். அந்த வண்டி இன்னொரு நாள் வரும். வராவிட்டாலும் அதைப் பற்றி அறிந்துகொண்டது உங்களோடு இருக்கும். வீட்டுக்கு வரும் சிறுவனுக்கு, பூச்சு உதிர்ந்த சாதாரண மேட்ச்பாக்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தச் சந்தைக்கு நீதிபதி வெளியிலிருந்து ஒருவர் வரப்போவதில்லை. தீர்ப்பு ஒவ்வொரு முறையும் நம் பணப்பையிலிருந்தே வெளிவருகிறது. அடுத்த முறை அதைத் திறக்குமுன் சற்றே தாமதியுங்கள் என்று தோழமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்